சோப்பு, ஆமை, நாய்முடி

லெக்ஸிங்டனுக்கு வருகிறவர்கள் 1775ஆம் ஆண்டைப் பார்க்க வருகிறார்கள். அந்த வருஷம் ஏப்ரல் 19 அதிகாலையில் இந்த ஊர்ப் புல்வெளியில்தான் ஆங்கிலேயப் படையும் உள்ளூர்க்காரர்களும் நேருக்கு நேர் நின்றார்கள். அமெரிக்க விடுதலைப் போரின் முதல் சண்டை அது. துப்பாக்கி பிடித்த சிலை, கல்வெட்டு, பழைய சத்திரம் என்று ஊரே அந்த ஒரு காலைப்பொழுதை வைத்துப் பிழைக்கிறது. பாஸ்டனிலிருந்து சிவப்பு வழி ரயிலில் ஏல்வைஃப் வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்து நான் வந்தது ஒரு பள்ளிக்கூடத்துக்காக. அந்தப் பள்ளிக்கூடமும் இப்போது இல்லை. மஸ்ஸி ஜூனியர் ஹை என்று பெயர் தாங்கியிருந்த கட்டடம் அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. சன்னல் ஓரங்களில் பூந்தொட்டிகள். உள்ளே ஒரு காலத்தில் என்ன நடந்தது என்று சொல்ல ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை. துப்பாக்கி வெடித்த இடத்துக்குக் கல்வெட்டு உண்டு, ஏழாம் வகுப்புக்குக் கிடையாது.

1967இல் வாலி ஃபோய்ர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் இருந்த பிபிஎன் என்ற நிறுவனத்தில் சிறுவர்களுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதை வகுப்பறைக்குள் முதலில் கொண்டுவந்த பள்ளிகளில் ஒன்று மஸ்ஸி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு ஒரு வருஷம் முழுக்கக் கணக்கு வகுப்பே கிடையாது, அதற்குப் பதிலாக லோகோ. அதற்கு ஒப்புக்கொண்ட தலைமை ஆசிரியரின் துணிச்சலைப் பேப்பர்ட் பிற்பாடு வியந்து எழுதியிருக்கிறார். நம் ஊரில் ஒரு தலைமை ஆசிரியர் இதைச் செய்தால் மறுநாள் காலை பள்ளி வாசலில் பெற்றோர் கூட்டம் நிற்கும்.

பேப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர். ஜெனிவாவில் குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயோடு வேலை பார்த்துவிட்டு, கேம்பிரிட்ஜின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். மஸ்ஸிக்கு வந்துபோன நாட்களில் வழியில் இருந்த ஓவிய வகுப்பை அவர் எட்டிப் பார்ப்பாராம். அங்கே பிள்ளைகள் சோப்புக் கட்டியைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் சோப்புத்தான், ஆனால் ஒருவர் செதுக்கியதை இன்னொருவர் செதுக்கவில்லை. அவரவர் மனசில் இருந்தது அவரவர் சோப்பில் வந்தது. வேலை ஒரு மணியில் முடியவில்லை, வாரக்கணக்கில் நீண்டது. யோசிக்க, கனவு காண, பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்று பார்க்க நேரம் இருந்தது. கணக்கு வகுப்பிலோ சின்னச் சின்னக் கேள்விகள். வந்தால் வந்தது, வராவிட்டால் அடுத்த கேள்வி. கணக்கும் இந்தச் சோப்பைப் போல இருக்கக் கூடாதா என்று அவருக்குத் தோன்றியது.

ஆமை அதன் பிறகு வந்தது. தரையில் ஊர்ந்துகொண்டே பேனாவால் கோடு போடும் ஒரு சின்ன இயந்திரம். ‘முன்னே 50’ என்றால் போகும், ‘வலம் 90’ என்றால் திரும்பும். இந்த இரண்டையும் நாலு தடவை சொன்னால் சதுரம். அடுத்து முக்கோணம் போடச் சொல்லுங்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று புத்தகத்தில் படித்த பிள்ளை ‘வலம் 60’ என்று சொல்லும். மூன்று பக்கமும் போட்டு முடித்தால் தரையில் முக்கோணம் இருக்காது, அறுகோணத்தில் பாதி வாய் திறந்துகொண்டு கிடக்கும். யாரும் சிவப்பு மையால் சுழிக்க வேண்டியதில்லை. பிள்ளை எழுந்துபோய் ஆமையின் இடத்தில் நின்று நடந்து பார்க்கிறது. உள்ளே இருக்கும் கோணம் வேறு, தான் திரும்ப வேண்டிய கோணம் வேறு என்று காலுக்குத் தெரிந்துவிடுகிறது: 120.

தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை அதுவரை ஆசிரியர் கையில் இருந்தது. அதைப் பிடுங்கிச் சாமானின் கையில் கொடுத்ததுதான் இந்தக் கல்வியின் அடிப்படைக் கண்டுபிடிப்பு என்று நான் நினைக்கிறேன். மோட்டார், சென்சார், வண்ண வண்ணத் துண்டுகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. சாமான் பொய் சொல்லாது, திட்டாது, மதிப்பெண் போடாது, சொந்தக்காரரிடம் கோள்மூட்டாது.

லெகோ நிறுவனம் பேப்பர்ட் இருந்த எம்ஐடி ஆய்வகத்தோடு 1980களிலேயே கைகோத்துக்கொண்டது. 1998இல் கணினி பொதிந்த லெகோ பெட்டி கடைக்கு வந்தபோது, பேப்பர்ட் 1980இல் எழுதிய புத்தகத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: மைண்ட்ஸ்டார்ம்ஸ். அந்த வரிசையை 2022 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். பள்ளிகளில் அதன் இடத்துக்கு வந்தது ஸ்பைக் பிரைம்.

கேம்பிரிட்ஜில் எம்ஐடி வளாகத்தைச் சுற்றி வந்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நவம்பர்க் குளிரில் ஆற்றங்கரைக் காற்று காதைப் பிய்த்தது. ஆனால் இங்கே உட்டி ஃப்ளவர்ஸ் என்ற பேராசிரியர் 1970களில் நடத்திய வடிவமைப்பு வகுப்பைச் சொல்லாமல் போக முடியாது. மாணவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு பை. அதற்குள் ஸ்பிரிங், ரப்பர் வளையம், அட்டை, கம்பி என்று கண்டதும் கடியதும். அதை வைத்து ஒரு இயந்திரம் செய்து, கடைசியில் ஊர் கூடிப் பார்க்க மோதவிட வேண்டும். எழுத்துத் தேர்வில் தப்பித்துவிடுகிற அரைகுறை யோசனை அரங்கத்தில் தப்பிக்காது. இவரும், நியூ ஹாம்ப்ஷைரில் மருத்துவக் கருவிகளும் பிற்பாடு செக்வே வண்டியும் செய்த டீன் கேமனும் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கான ஃபர்ஸ்ட் ரோபோப் போட்டியை உருவாக்கினார்கள். 1989இல் அமைப்பு, 1992இல் அதே மாநிலத்து மான்செஸ்டரில் ஒரு உயர்நிலைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் ஆட்டம். களம் முழுக்கச் சோளத்தைக் கொட்டி, அதில் டென்னிஸ் பந்துகளைப் பொறுக்கச் சொன்னார்கள். சோளத்தில் சக்கரம் புதையும் என்று தெரிந்தேதான். 1998இல் லெகோவோடு சேர்ந்து நடுநிலைப் பள்ளி வயதுக்காரர்களுக்குத் தனிப் போட்டி தொடங்கினார்கள். அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

நாஷுவாவில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். மாசசூசெட்ஸ் எல்லையைத் தாண்டி நியூ ஹாம்ப்ஷைருக்குள் நுழைந்ததும் வரும் ஊர். எல்லை தாண்டியதும் விற்பனை வரி கிடையாது என்பதால் சனிக்கிழமைகளில் பக்கத்து மாநிலமே இங்கே டிவி வாங்க வருகிறது. தம்பி மென்பொருள் வேலையில் இருக்கிறான். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவன் மகளும் இன்னும் ஐந்து பிள்ளைகளும் ஒரு அணி. காரை வெளியே நிறுத்திவிட்டுக் கராஜில் மேசை போட்டிருந்தான். நாலடிக்கு எட்டடி, ஓரம் முழுக்க மரச் சட்டம், மேலே அந்த வருஷத்து விரிப்பு. 2024 பருவத்தின் பொருள் கடல். பவளத்திட்டு, சுறா, திமிங்கலம், மூழ்கிய கப்பலின் பாய்மரம் என்று லெகோவில் கட்டிய மாதிரிகள் விரிப்பின்மேல் நின்றன. இரண்டரை நிமிஷத்துக்குள் ரோபோ தானாகவே போய் அவற்றைத் தள்ளி, தூக்கி, இழுத்துவிட்டு வர வேண்டும். ரிமோட் கிடையாது. கிளப்பிவிட்டால் அதன் தலையெழுத்து அதற்கு.

“பெரியப்பா, இது 90 டிகிரி திரும்பணும். 86தான் திரும்புது” என்றாள் தம்பி மகள்.

நாலு டிகிரிதானே என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் விடவில்லை. ஒரு டிகிரி தப்பினால் ஒரு மீட்டர் தூரத்தில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் விலகும், நாலு டிகிரிக்கு ஏழு. திமிங்கலத்தின் வாயில் இரையைக் கொட்டப் போன ரோபோ அதன் கன்னத்தில் கொட்டிவிட்டு வந்தது.

இரு சக்கர ரோபோ திரும்புவது எளிய கணக்கு. ஒரு சக்கரம் முன்னே, மற்றது பின்னே. சக்கரத்தின் விட்டம் 56 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்குச் சுமார் பதினேழரை சென்டிமீட்டர். மோட்டாருக்குள்ளேயே தான் எத்தனை டிகிரி சுற்றினோம் என்று எண்ணும் கருவி இருக்கிறது. ஆகவே இத்தனை சுற்று என்று சொல்லிவிட்டால் ரோபோ சரியாக 90 திரும்பியாக வேண்டும். திரும்பவில்லை. ஒரு பையன் உடனே நிரலில் 90ஐ 94 ஆக்கினான். ஓட்டிப் பார்த்தார்கள், கச்சிதம். கைதட்டல். பிறகு யாரோ சக்கர டயரில் தூசி படிந்திருப்பதைப் பார்த்து ஈரத் துணியால் துடைத்தார்கள். அடுத்த ஓட்டத்தில் ரோபோ 92 திரும்பியது. எல்லார் முகமும் தொங்கிவிட்டது.

அப்போது நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். ஒரு சிறுமி நோட்டை எடுத்து இரண்டு பத்தி கோடு போட்டாள்: துடைப்பதற்கு முன், துடைத்த பின். ஒவ்வொன்றுக்கும் பத்து ஓட்டம். விரிப்பில் ஒரு கோணமானியை ஒட்டி அளந்தார்கள். ஒரே நிரலுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை. அப்படியென்றால் கோளாறு எண்ணில் இல்லை என்று அவளே சொன்னாள். சக்கரம் சரியாகச் சுற்றுகிறது, ஆனால் தரையில் வழுக்குகிறது. ஏன் வழுக்குகிறது? ஏதோ ஒன்று இழுத்துப் பிடிக்கிறது. ரோபோவைக் குப்புறப் போட்டார்கள். பின்னால் உடம்பைத் தாங்கும் குண்டு உருளையை விரலால் உருட்டியபோது அது பாதிச் சுற்றில் நின்றது. குழிக்குள் சுருண்டு கிடந்தது வீட்டு நாயின் முடி. சீப்பால் கோதுவது போலக் கிளிப்பை விட்டு எடுத்தார்கள். நிரலை மறுபடி 90க்கு மாற்றினார்கள். திமிங்கலத்துக்கு இரை வாயிலேயே விழுந்தது.

இதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் தம்பி கராஜ் கதவோரம் ஜாக்கெட் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றிருந்தான். வெளியே வந்ததும் சொன்னான்: “எனக்கு முதல்லயே தெரியும்ணா, உருளைதான்னு. சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அப்புறம் அதுங்களுக்குன்னு என்ன மிச்சம் இருக்கும்?” போட்டி விதியும் அதையே சொல்கிறது. கட்டுவதும் நிரல் எழுதுவதும் பிள்ளைகளின் வேலை. பெரியவர்கள் கேள்வி கேட்கலாம், கையை வைக்கக் கூடாது. படிக்க எளிது. பொறியியல் படித்த அப்பாவுக்கு இதைவிடக் கொடுமையான விதி இருக்க முடியாது.

மாசசூசெட்ஸ் 2001வாக்கிலேயே பொறியியலைப் பள்ளிப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் புல முதல்வராக இருந்த யானிஸ் மியாவுலிஸ். எரிமலை எப்படி வேலை செய்கிறது என்று வாரக்கணக்கில் சொல்லித்தருகிறோம், தினமும் ஏறும் கார் எப்படி ஓடுகிறது என்று சொல்லித்தருவதில்லை என்பது அவர் அடிக்கடி சொல்லும் குறை. 2013இல் வந்த புதிய அறிவியல் தர அளவுகள் பல மாநிலங்களுக்கு வழிகாட்டின. அவற்றில் நடுநிலைப் பள்ளிக்கு வடிவமைப்பு பற்றி நாலு எதிர்பார்ப்புகள் தனியாக இருக்கின்றன: சிக்கலையும் அதன் கட்டுப்பாடுகளையும் வரையறுப்பது, போட்டித் தீர்வுகளை எடைபோடுவது, சோதனைத் தரவுகளை ஒப்பிடுவது, மாதிரி செய்து திரும்பத் திரும்பத் திருத்துவது. அந்த மொழியில் பார்த்தால் நாய்முடி மூன்றாவது எதிர்பார்ப்பில் வரும்.

மறுநாள் மான்செஸ்டர். மெர்ரிமாக் ஆற்றங்கரை நெடுக, பார்வை முடிகிற வரை சிவப்புச் செங்கல் மில்கள். அமோஸ்கெக் கம்பெனி உச்சத்தில் இருந்தபோது உலகின் மிகப் பெரிய பஞ்சாலைத் தொகுதி இதுதான் என்கிறார்கள். பதினேழாயிரம் பேர் வரை வேலை பார்த்த இடம். 1935இல் கதவடைத்தது. கோயம்புத்தூர்க்காரனுக்கு இந்த இடத்தில் கால் தானாக நிற்கும். இங்கிலாந்து மான்செஸ்டரைப் பார்த்து 1810இல் இந்த ஊர் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அதே ஊரைச் சொல்லித்தான் நம்மை ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்கிறார்கள். உறவுமுறை பார்த்தால் ஒன்றுவிட்ட ஊர். பஞ்சாலை எந்திரம் பழுதுபார்க்கத் தொடங்கிய பட்டறைகள்தான் கோவையில் ஃபவுண்டரியாகவும் பம்ப்செட்டாகவும் வளர்ந்தன. இங்கேயும் அமோஸ்கெக் பட்டறைகளில் துணியோடு நின்றுவிடவில்லை, ரயில் எஞ்சினும் தீயணைப்பு வண்டியும் செய்தார்கள்.

1909இல் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் இந்த ஊருக்கு வந்து, மில்லில் வேலை பார்த்த சிறுவர் சிறுமியரைப் படமெடுத்துப் போனார். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான இயக்கத்துக்காக எடுத்த படங்கள். இன்று அதே மில் கட்டடங்களில் ஒன்றில் கேமன் 1986இல் தொடங்கிய சிறுவர் அறிவியல் மையம் இருக்கிறது, ஃபர்ஸ்ட் அமைப்பின் தலைமையகமும் இருக்கிறது. மையத்துக்குள் 1900வாக்கில் இருந்த மில் வளாகம் முழுவதையும் சுமார் 30 லட்சம் லெகோ துண்டுகளில் கட்டி வைத்திருக்கிறார்கள். கால்வாய், ரயில், ஊர்வலம் எல்லாம் உண்டு. நன்றாகத்தான் இருக்கிறது. லெகோ முகம் என்பதால் அதில் எல்லாத் தொழிலாளியும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஹைன் எடுத்த படங்களில் அப்படி இல்லை.

இந்தக் கட்டடத்தில் நிற்கும்போது பணத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 2024இல் ஸ்பைக் பிரைம் பெட்டி ஒன்று சுமார் 400 டாலராக இருந்தது. பதிவுக் கட்டணம், மேசை, விரிப்பு, மாதிரிகள் தனி. கராஜ் வேண்டும், சாயங்காலம் ஓய்வாக இருக்கும் அப்பாவோ அம்மாவோ வேண்டும். நாஷுவா அணியின் ஆறு பிள்ளைகளில் நாலு பேரின் பெற்றோர் பொறியாளர்கள். ஃபர்ஸ்ட் அமைப்பு உதவித்தொகை கொடுக்கிறது, பள்ளிகள் வழியாகவும் அணிகள் வருகின்றன. ஆனாலும் யாருக்கு இது எளிது, யாருக்குக் கஷ்டம் என்பது ஒரு கூடத்துக்குள் நுழைந்தால் தெரிந்துவிடும்.

நம் நாட்டில் 2016இல் வந்த அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமானது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. பத்தாயிரம் பள்ளிகளில் இந்த ஆய்வகம் வந்திருக்கிறது. நல்ல கையில் சிக்கிய இடங்களில் அருமையாக நடக்கிறது. கொங்கு நாட்டில் நான் பார்த்த ஒரு பள்ளியில் முப்பரிமாண அச்சு எந்திரத்துக்குத் துணி உறை தைத்துப் போட்டு, அலமாரியில் பூட்டியிருந்தார்கள். ஆய்வு அதிகாரி வரும் நாளில் உறையை எடுப்பார்களாம். இன்னொரு பக்கம் தனியார் ரோபாட்டிக்ஸ் வகுப்புகள். பையில் வரும் புத்தகத்தைப் பார்த்து முப்பது பிள்ளைகள் முப்பது ஒரே மாதிரி கார் செய்கிறார்கள். ஒன்று ஓடாவிட்டால் சார் வந்து சரிசெய்துவிட்டுப் போகிறார். அம்மா வீடியோ எடுக்கிறார். சாமான் உயர்ந்த சாமான், கற்றுத்தருவதோ பழைய கையெழுத்து நோட்டு.

இதை உல்டாவாகச் செய்து காட்டியவர் அரவிந்த் குப்தா. ஐஐடி கான்பூரில் படித்து, லாரி தொழிற்சாலையில் வேலை பார்த்து, 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குப் போனவர். சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக வெட்டித் தீக்குச்சிகளைச் செருகினால் முக்கோணம், சதுரம், கனசதுரம் எல்லாம் வரும். சதுரத்தை அமுக்கினால் சாய்கிறது, முக்கோணத்தை அமுக்கினால் அசையவில்லை. பாலத்துக்கும் கூரைக்கும் ஏன் முக்கோணம் என்பதைத் தீக்குச்சியே சொல்லிவிடுகிறது. செலவு சில்லறைக் காசு. மஸ்ஸியின் சோப்புக்கும் இந்த வால்வு டியூபுக்கும் இடையில் இருக்கும் நெருக்கம், சோப்புக்கும் பல தனியார் ரோபோ வகுப்புகளுக்கும் இடையில் இல்லை. கோவையில் ஜி. டி. நாயுடுவும் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் போட்டு, மறுபடி மாட்டித்தான் இயந்திரம் கற்றார். அவருக்கு வாத்தியார் அந்த வண்டி.

சனிக்கிழமை ஒரு சின்ன ஊரின் நடுநிலைப் பள்ளியில் வட்டாரப் போட்டி. கூடைப்பந்துக் களத்தில் மேசைகள், காது கிழியும் பாட்டு, தலையில் காகித ஆக்டோபஸ் கவிழ்த்துக்கொண்ட பிள்ளைகள். கருப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் நடுவர்கள். மேசையைச் சுற்றிக் கயிறு. பெரியவர்கள் கயிற்றுக்கு வெளியே. அப்பாக்கள் கயிற்றின்மேல் எவ்வளவு தூரம் வளைய முடியுமோ அவ்வளவு வளைந்து நிற்கிறார்கள். ஒரு தாய் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்று, இரண்டு, ஒன்று என்று கூட்டமே எண்ணி ‘லெகோ!’ என்று கத்த, மணி ஓடத் தொடங்கியது. எங்கள் ரோபோ முதல் பயணத்தில் சுறாவை விடுவித்தது, பவளத்திட்டைத் தூக்கி நிறுத்தியது, ஒழுங்காக வீடு திரும்பியது. முன்னால் மாட்டியிருந்த கையைப் பிள்ளைகள் நொடியில் கழற்றி வேறு கையை மாட்டினார்கள். இரண்டாம் பயணத்தில் பாய்மரத்தை நிமிர்த்தப் போனபோது அந்தக் கை கம்பத்தில் சிக்கிக்கொண்டது. சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது, மணி ஓடுகிறது. களத்தின் நடுவில் நிற்கும் ரோபோவைக் கையால் எடுக்கலாம், ஆனால் எடுத்தால், தொடக்கத்தில் அணிக்குத் தந்த ஆறு வட்டுகளில் ஒன்றை நடுவர் பிடுங்கிக்கொள்வார். ஆறு வட்டுகள் முழுசாக இருந்தால் 50 புள்ளி. ஐந்து இருந்தாலும் 50தான். அதற்குப் பிறகுதான் 35, 25 என்று இறங்கும். முதல் தடவை தொடுவது இலவசம் என்று அர்த்தம். இந்தச் சலுகையை யார் யோசித்தாரோ, பிள்ளைகளை நன்றாக அறிந்தவர். தம்பி மகள் தன் கூட்டாளியைப் பார்த்தாள், அவன் தலையசைத்தான், எடுத்துவிட்டாள். கயிற்றுக்கு வெளியே இருந்த எங்களுக்கு இந்தக் கணக்கு புரிவதற்குள் அடுத்த பயணம் தொடங்கிவிட்டது.

மேசைப் புள்ளி மொத்த மதிப்பீட்டில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு ஒரு வகுப்பறைக்குள், நடுவர்கள் முன்னால் அரை மணி நேரம். ரோபோவை எப்படி வடிவமைத்தீர்கள், அணியாக எப்படி வேலை செய்தீர்கள், அந்த வருஷப் பொருளில் ஒரு நிஜச் சிக்கலை எடுத்து என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். இந்த அணி எடுத்தது, கடலில் கயிறு அறுந்து தொலைந்துபோன லாப்ஸ்டர் பொறிகள். லாப்ஸ்டர் என்ற சிங்கி இறாலுக்கு இந்தக் கரையில் பொறி வைப்பார்கள். தொலைந்த பொறி ஆளில்லாமல் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இருக்கும். பிள்ளைகளின் முதல் யோசனை எல்லாப் பொறியிலும் ஜிபிஎஸ். துறைமுகத்துக்குப் போய் ஒரு மீனவரிடம் சொன்னார்களாம். தண்ணீருக்கு அடியில் ஜிபிஎஸ் எடுக்காது என்று அவர் சிரித்தார். கூடவே, தன் பொறியில் இருக்கும் ஒரு சின்னக் கதவையும் காட்டினார்: துருப்பிடித்து இற்றுப்போகும் வளையத்தில் மாட்டியிருப்பது; பொறி தொலைந்தால் சில மாதத்தில் வளையம் அறுந்து கதவு திறந்து லாப்ஸ்டர் தப்பிவிடும். அவர்கள் தீர்க்க நினைத்ததில் பாதியை யாரோ ஏற்கெனவே ஒரு துண்டு இரும்பால் தீர்த்திருந்தார்கள். சிக்கலை மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள்: அந்தச் சில மாதத்தைச் சில வாரமாகக் குறைக்க முடியுமா? உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் எட்டு வகைக் கம்பியும் நூலும் கராஜ் அலமாரியில் ஊறிக்கொண்டிருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதுவரை ஏதோ ஊறுகாய் என்று நினைத்திருந்தேன்.

எல்லா அணியும் இப்படி இல்லை. ஒரு மேசையில் ஒரு பையன் கணினியில் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த வரி என்ன செய்கிறது என்று கேட்ட சின்னவனுக்குப் பதில் சொல்ல முடியாமல் கயிற்றுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவன் அப்பா உதட்டசைவால் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இதைத் தடுக்க விதி போதாது. நடுவர்கள் கேட்கும் கேள்விதான் காப்பு. ‘நீங்கள் வேண்டாம் என்று கழற்றிப் போட்டது எது, ஏன்?’ என்று கேட்டால், வேறொருவர் கட்டிய ரோபோவை வைத்திருப்பவர்களுக்கு வாய் வராது. எங்கள் அணியிடமும் அதைக் கேட்டார்களாம். ஆறு பேரும் ஒரே நேரத்தில் நாய்முடிக் கதையைச் சொல்லத் தொடங்கி, நடுவர் ஒவ்வொருவராகப் பேசச் சொல்ல வேண்டியிருந்தது.

மாநிலச் சுற்றுக்கு அவர்கள் தேறவில்லை. வடிவமைப்புக்கு ஒரு கோப்பை கிடைத்தது, அதுவும் லெகோ துண்டுகளால் ஆனது. திரும்பும்போது பின்சீட்டில் தம்பி மகளும் அணிக்காரப் பையனும் அடுத்த வருஷ ரோபோவுக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். 88 மில்லிமீட்டர் சக்கரம் போட வேண்டும், வேகமாகப் போகும் என்றான் அவன். பெரிய சக்கரத்தில் மோட்டார் ஒரு டிகிரி தப்பினாலும் தரையில் அதிகமாகத் தப்பும், 56தான் வேண்டும் என்றாள் அவள். கியரை மாற்றினால் இரண்டும் கிடைக்குமே என்றான். பல்லுக்குப் பல் இடைவெளி இருக்கிறதே, அந்த ஆட்டத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பாய் என்றாள். முன்சீட்டில் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான், தொண்டையைக் கனைத்தான், “அதுல பாருங்க…” என்று தொடங்கினான்.

“அப்பா, நீங்க ரோட்டைப் பாருங்க” என்றாள் மகள்.